கடைசி எண்ணுக்குக் கீழே

ஞானசிங் முப்பத்தொரு வருடம் பாலைச் சந்தேகப்பட்டுச் சம்பளம் வாங்கினார். சித்தூரில் ஒரு டெய்ரியில் பால் பரிசோதகர். கேன் திறந்ததும் முதலில் முகர்ந்து பார்ப்பார். பிறகு பாலின் அடர்த்தி காட்டும் லாக்டோமீட்டரை விடுவார். அது மிதந்து நிற்பதற்குள் பால் கொண்டுவந்தவனின் முகத்தைப் பார்த்துவிடுவார். தண்ணீர் கலந்தவன் லாக்டோமீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பான். தண்ணீரும் சர்க்கரையும் கலந்தவன் எங்கேயோ பார்ப்பான்.

ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகியும் அந்தப் பார்வை போகவில்லை. காய்கறிக் கடைத் தராசையும் சபையில் ஆயர் வாசிக்கும் அறிவிப்பையும் அப்படித்தான் பார்த்தார்.

அவருடைய மனைவி ஜெயகுமாரி கல்யாண கேக் செய்கிறவர். சித்தூரிலிருந்து பலமனேர் வரை, அந்தப் பக்கம் சூளூர்பேட்டை வரை, சபைக் கல்யாணங்களுக்கு அவர் கேக்தான். மூன்று அடுக்கு. அதைக் கொண்டுபோக வீட்டில் ஒரு மாருதி தௌசண்ட் இருந்தது. தொண்ணூற்றிரண்டாம் வருடத்து வண்டி. முன்னால் இடது சீட்டைக் கழற்றிவிட்டு, பலகை போட்டு, கேக்கை வைப்பார்கள். ஜெயகுமாரி பின் சீட்டிலிருந்து இரண்டு கையையும் நீட்டிப் பிடித்துக்கொண்டு வருவார். மகள் ஜெமிமாவைப் பிரசவம் முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்ததைவிட மெதுவாக ஓட்டுவார் ஞானசிங்.

ஆகஸ்டில் பலமனேர் கல்யாணத்துக்குப் போகும்போது மொகிலி ஏற்றத்தில் வண்டி கொதித்து நின்றது. ஒரு மணி நேரம் நின்றது. வெயிலில் மேல் அடுக்கு ஒரு பக்கமாக இறங்கியது. மண்டபத்தில் அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார்கள். போட்டோவில் தெரியவில்லை.

"என்னாங்க, இந்த வண்டி மலை ஏறணும், இல்லாட்டி நான் கேக்கை உட்டுடறேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்றார் ஜெயகுமாரி.

"புது வண்டி வாங்குங்க" என்று ஜெமிமா சென்னையிலிருந்து சொன்னாள். ஞானசிங் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் வைத்த வண்டி பொய் சொன்னால் கண்டுபிடிக்க முடியாது என்பது அவர் கட்சி. எஞ்சினை மாற்றிவிடுவது என்று முடிவாயிற்று.

இன்னொரு நெருக்கடியும் இருந்தது. வண்டியின் பதிவு நவம்பர் கடைசியில் முடிகிறது. மேலும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்க வேண்டுமானால் ஆர்டிஓ ஆபீசில் வண்டியைக் காட்டித் தேற வேண்டும். எஞ்சின் மாற்ற முன்கூட்டியே அனுமதிக் கடிதம் வாங்கியாயிற்று. புது எஞ்சினின் எண்ணும் அன்றைக்கே பதிவுப் புத்தகத்தில் ஏற வேண்டும். டிசம்பரில் ஏழு கல்யாணத்துக்கு ஜெயகுமாரி கேக் ஒப்புக்கொண்டிருந்தார். வண்டி தேறினால் ஏழு கேக். தேறாவிட்டால் அது பழைய இரும்பு.

திருப்பதியில் ரேணிகுண்டா சாலையில் ஷெட் வைத்திருந்த கமலக்கண்ணனைச் சபையில் ஒருவர் சொல்லிவிட்டார். நகரிக்காரன். தறிக்காரக் குடும்பம். எட்டாவது வரை தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு திருப்பதிக்கு வந்து ஸ்பானர் பிடித்தவன். நாற்பது வயதிருக்கும்.

"இதே கம்பெனி எஸ்டீம் எஞ்சினு சார். அண்ணன் தம்பி மாதிரி. அப்படியே உக்காந்துக்கும்."

"அப்படியே உக்காருமா?"

"கொஞ்சம் தள்ளி உக்காரும்."

"இதுக்கு முன்ன எத்தினி வண்டிக்கு மாத்தியிருக்கே?"

"அது இருக்குது சார், நெறைய."

பதிலுக்கு முன்னால் அரை நொடி இடைவெளி இருந்தது. ஞானசிங் அதைக் கவனித்தார்.

திருப்பதியிலேயே பழைய வண்டிகளை உடைத்து விற்கும் நாகையாவின் யார்டில் எஞ்சின் கிடைத்தது. பின்னால் லாரி இடித்து நசுங்கிய வண்டியின் எஞ்சின், முன்பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார் நாகையா. தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி மேலே கட்டித் தொங்கவிட்டு, தரையில் வைத்தே ஓட்டிக் காட்டினார்கள். ஞானசிங் சித்தூர் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது கமலக்கண்ணன் ஏற்கெனவே அங்கே இருந்தான். அதுவும் பிடிக்கவில்லை. தனக்கு முன்னால் வந்து இருவரும் என்ன பேசினார்கள்? ஆயில் குச்சியை எடுத்து விரலில் தொட்டுப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"சார், பால்ல தண்ணி பார்த்த கண்ணு உங்களுது. எஞ்சின்ல தண்ணி இருந்தாதான் ஓடும்" என்றான் கமலக்கண்ணன். நாகையா சிரித்தார். ஞானசிங் சிரிக்கவில்லை.

எஞ்சின் நன்றாக இருந்தது. அதுதான் பயம். நல்ல எஞ்சின் யார்டிலிருந்து ஷெட்டுக்குப் போகும் வழியில் வேறொன்றாக மாறிவிடலாம். இவர் கையில் இருப்பது ஓர் எண் மட்டும். எண்ணை எவனும் அடித்துக்கொள்ளலாம். டெய்ரியில் கேன் எண்ணை அழித்து வேறு எழுதியவர்களை அவர் பிடித்திருக்கிறார். எழுதிய எண்ணை நம்பாமல், எண்ணுக்கு அடியிலேயே ஆணியால் ஒரு சின்னக் கூட்டல் குறி கீறி வைப்பார். எண் அழிந்தால் குறியும் அழியும். அப்படிப் பிடித்தார்.

கமலக்கண்ணன் டீ சொல்லப் போனான். நாகையா ரசீதுப் புத்தகம் தேடப் போனார். ஞானசிங் வீட்டுச் சாவியை எடுத்தார். எஞ்சின் முழுதும் சொரசொரப்பு, எண்ணெய்ப் பிசுக்கு. எண் அடித்த இடம் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு வழவழவென்று இருந்தது. கடைசி எண்ணுக்குக் கீழே கீறினார். நெடுக்குக் கோடு சரியாக விழுந்தது. அலுமினியம் இளக்கமாக இருந்ததால் குறுக்குக் கோடு கொஞ்சம் வழுக்கி எண்ணின் காலைத் தொட்டது. பரவாயில்லை. சாவியைப் பையில் போட்டார். டீ வந்தது. முதல்முறையாக நன்றாக இருந்தது.

"சனிக்கிழமை வாங்க சார், முடிச்சு வெச்சுடறேன்" என்று கமலக்கண்ணன் சொன்னான். ஞானசிங் மறுநாளே ஏழரை பஸ்ஸில் போய் இறங்கினார்.

ஷெட்டில் இரண்டே பேர். கமலக்கண்ணனும் அவன் மனைவியின் தம்பி ரங்கனும். ரங்கன் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டான். ஞானசிங் அதில் உட்கார்ந்து, கழற்றி வைக்கும் போல்ட்டுகளை எண்ணினார்.

"சார், நீங்க பார்த்துக்கினே இருந்தா எனக்குக் கை வராது."

"நான் என்னாப்பா பண்றேன், சும்மாதானே குந்திக்கினு இருக்கேன்."

"எங்க மாமியா கூட இப்படிக் குந்திக்கினு பாக்கல சார், எனக்குப் பொண்ணு குடுத்தப்போ."

இரண்டாம் நாள் மதியம் கமலக்கண்ணன் அவரைச் சாப்பிட அனுப்பினான். "போய்த் துன்னுட்டு மூணு மணிக்கு வாங்க சார்." அரை மணியில் திரும்பி வந்தார். ஷட்டர் இறங்கியிருந்தது. அடியில் ஒரு சாண் இடைவெளி. அறுபத்து மூன்று வயதில் ரேணிகுண்டா சாலையோரம் மண்டியிட்டு உள்ளே பார்த்தார். கமலக்கண்ணன் போனை எஞ்சினுக்கு மேலே பிடித்து மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தான். போனில் யாரோ கேட்டார்கள். இவன் தாழ்ந்த குரலில் பதில் சொன்னான். "ஆமாண்ணா, அந்தப் பக்கமும் காட்டறேன், பாருங்க."

வாங்குகிறவனுக்குக் காட்டுகிறான். வேறென்ன?

அன்றிரவு ஜெயகுமாரியிடம் சொன்னார்.

"காட்டட்டும். வண்டிக்குள்ள வெச்சுட்டதை எவன் தூக்கிக்கினு போவான்?"

"உனக்குத் தெரியாது."

"எனக்கு வேணாம்பா தெரிஞ்சு."

சனிக்கிழமை வண்டி தயாராக இருந்தது. கமலக்கண்ணன் கை கழுவப் போன நேரத்தில் ஞானசிங் டார்ச் அடித்துக் குனிந்தார். எண் இருந்தது. கீழே கூட்டல் குறியும் இருந்தது. அவர் கீறியதேதான், வழுக்கிய கோடு உட்பட. நிம்மதியாக இருந்தது. ஏமாற்றமாகவும் கொஞ்சம் இருந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஜெயகுமாரியைக் கூட்டிக்கொண்டு மொகிலி ஏற்றத்துக்குப் போனார். வண்டி மூன்றாவது கியரில் ஏறியது. முன்னால் போன லாரியைத் தாண்டியது. மேலே போய் நிறுத்தி, இறங்கி, பானெட்டில் கை வைத்துப் பார்த்தார். கை வைக்கிற சூடுதான்.

"இப்பவாவது அந்த ஆளைப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க" என்றார் ஜெயகுமாரி.

"பார்ப்போம்" என்றார்.

நவம்பர் இருபத்து நான்காம் தேதி சித்தூர் ஆர்டிஓ ஆபீசில் ஆய்வு. எஞ்சின் மாற்றியவன் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் கமலக்கண்ணன் யார்டு ரசீதோடு திருப்பதியிலிருந்து வந்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தான். ஆய்வாளர் இந்திராணி அனந்தபூர் பக்கத்துக்காரர். தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. பேச்செல்லாம் தெலுங்கில்தான்.

விளக்கு, ஹாரன், பிரேக், புகை எல்லாம் பார்த்தார். எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். பேட்டரியை எடுக்கச் சொல்லி, எண் இருந்த இடத்தைத் துடைக்கச் சொன்னார். ஒரு மெல்லிய காகிதத்தை அதன் மேல் வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தார். பென்சில் கறுப்பில் எண்கள் ஒவ்வொன்றாக வெள்ளையாக எழுந்து வந்தன. கடைசி எண் ஒன்று. அதன் காலில் ஒரு குறுக்குக் கோடு.

இந்திராணி காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குனிந்து எஞ்சினைப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"நம்பரில் கை வைத்திருக்கிறார்கள்."

"இல்லை மேடம்" என்றான் கமலக்கண்ணன்.

"அழிக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டிருக்கிறார்கள். போலீஸுக்கு எழுதுகிறேன். அவர்கள் விசாரித்து எழுதும்வரை வண்டி இங்கேதான் நிற்கும். மூன்று மாதமும் ஆகலாம்."

ஞானசிங் வண்டியைப் பார்த்தார். ஏழு கேக் நினைவுக்கு வந்தது. அப்புறம் சாவி நினைவுக்கு வந்தது.

கமலக்கண்ணன் அவசரமாகப் போனை எடுத்தான். "முன்னொரு தடவை திருட்டு பைக் ஒன்றை ஒருவன் என் ஷெட்டில் விட்டுப் போய்விட்டான் மேடம். மூன்று நாள் ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். அதிலிருந்து நம்பரைப் போட்டோ எடுக்காமல் எதையும் தொடுவதில்லை. பாருங்கள். யார்டில் எடுத்தது. சார் வருவதற்கு முன்பே போய் எடுத்தேன்."

போட்டோவில் எண் சுத்தமாக இருந்தது. கீறல் இல்லை.

இந்திராணி போட்டோவையும் காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "யார்டில் இல்லை. இங்கே இருக்கிறது. நடுவில் எஞ்சின் எங்கே இருந்தது?"

கமலக்கண்ணன் போனைத் திரும்ப வாங்கினான். போட்டோவைக் காட்டியதால் தன் ஷெட்டையே காட்டிக்கொடுத்துவிட்டான் என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. ரங்கனைப் போனில் கூப்பிட்டான்.

"டேய், அந்த எஞ்சின் நம்பரு மேல எவன்டா கை வெச்சது? நானில்ல. சாரு ஸ்டூலை உட்டு எழுந்திரிக்கவே இல்ல. வேற யாரு, நீதானே? எவன் கேட்டான் உன்ன? எவன் என்னா குடுத்தான்?"

போனில் ரங்கன் அழுவது ஞானசிங்குக்கே கேட்டது. அக்கா மேல் சத்தியம், சாமி மேல் சத்தியம் என்றான்.

"சத்தியம்லாம் வெச்சிக்கோ. சாவியை உங்க அக்காகிட்ட குட்துட்டுப் போய்க்கினே இரு. நாளைலேர்ந்து ஷெட்டுப் பக்கம் வராதே."

ஞானசிங் கமலக்கண்ணனின் முகத்தைப் பார்த்தார். இப்படி நின்ற முகங்களை டெய்ரியில் நிறையப் பார்த்திருக்கிறார். அதில் தண்ணீர் கலக்காதவர்கள் எத்தனை பேர் என்று இதுவரை யோசித்ததில்லை.

வாயைத் திறந்தால் என்ன ஆகும்? எஞ்சின் எண்ணில் கை வைப்பது குற்றம். வண்டியோடு சேர்த்து அவரையும் போலீஸ் பிடித்துக்கொள்ளலாம். திறக்காவிட்டாலும் வண்டி நிற்கத்தான் போகிறது. ஆனால் அப்போது குற்றவாளி வேறொருவன்.

"நான்தாம்ப்பா போட்டேன்" என்றார் தமிழில்.

கமலக்கண்ணன் திரும்பினான். "என்னா சார்?"

"அந்தக் கோடு. நான்தான். யார்டுல. நீ டீ சொல்லப் போனப்போ." சாவியை எடுத்துக் காட்டினார்.

என்ன சொல்கிறார் என்று இந்திராணி கேட்டார். ஞானசிங் தெலுங்கில் சொன்னார். இந்திராணி நம்பவில்லை. வயதானவர் மெக்கானிக்கைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று நினைத்தது தெரிந்தது.

"எழுதிக் கொடுங்கள். உங்கள் கைப்பட. எந்த மொழியானாலும் சரி."

ஞானசிங்குக்குத் தெலுங்கு பேசத் தண்ணீர்பட்ட பாடு. எழுத வராது. டெய்ரி ரிஜிஸ்டரில் எண்கள் மட்டும்தான். ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதுவார், வாக்குமூலம் எழுதிப் பழக்கமில்லை. தமிழில் எழுதினார். ஒரு பக்கம் ஆனது. ஆபீசில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை.

"நீ படிப்பாயா?" என்று இந்திராணி கமலக்கண்ணனைக் கேட்டார்.

"எட்டாவது வரைக்கும் தமிழ்தான் மேடம்."

"படித்துத் தெலுங்கில் சொல்."

ஞானசிங் இதை எதிர்பார்க்கவில்லை. காகிதத்தைத் திரும்ப வாங்கிவிட நினைத்தார். அதற்குள் கமலக்கண்ணன் வாங்கிக்கொண்டான்.

முதலில் வாய்க்குள் படித்தான். வரியில் விரல் வைத்து, பள்ளிக்கூடத்தில் படிப்பதுபோல. விரல் நடுவில் ஓரிடத்தில் நின்றது. பிறகு கடைசி வரை போனது. அவர் என்ன எழுதியிருந்தார் என்பது அவருக்கே மனப்பாடமாக இருந்தது. 'கமலக்கண்ணன் நல்ல எஞ்சினை விற்றுவிட்டு வேறு எஞ்சினைப் பொருத்திவிடுவான் என்று சந்தேகப்பட்டேன். இரண்டாம் நாள் ஷட்டரை மூடிக்கொண்டு எஞ்சினை யாருக்கோ போனில் காட்டினான். அதையும் ஒளிந்து பார்த்தேன்.'

கமலக்கண்ணன் தெலுங்கில் சொல்ல ஆரம்பித்தான். ஞானசிங் ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். பெயர், வயது, விலாசம். யார்டில் எஞ்சினைப் பார்த்தது. அடையாளத்துக்காகச் சாவியால் குறி போட்டது. எண்ணை அழிக்கும் எண்ணம் இல்லை. இப்படிக்கு ஞானசிங்.

அவ்வளவுதான். நடுவில் நான்கு வரி இல்லை.

இந்திராணி பேனாவை மூடினார். "அடையாளம் போட எஞ்சினில் வேறு இடமே இல்லையா? நம்பர் மேலேயே போடுவானேன்? இது போதாது. நான் போலீஸுக்கே எழுதுகிறேன்."

கமலக்கண்ணன் காகிதத்தை மடித்துக்கொண்டு நின்றான்.

"அவன் நாலு வரியை விட்டுவிட்டான் மேடம்" என்றார் ஞானசிங்.

"சார், உடுங்க" என்றான் கமலக்கண்ணன்.

ஞானசிங் தெலுங்கில் சொன்னார். இவனை நம்பவில்லை என்றார். எஞ்சினை மாற்றிவிட்டு அதே நம்பரை வேறொன்றில் அடித்துவிடுவான் என்று நினைத்தேன், அதனால்தான் நம்பரைத் தொட்டுக் குறி போட்டேன் என்றார். டெய்ரியில் கேன்களுக்குச் செய்ததைச் சொன்னார். ரோட்டில் மண்டி போட்டுப் பார்த்ததையும் சொன்னார். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் சிரித்தார்.

இந்திராணி சிரிக்கவில்லை. "இதெல்லாம் அந்தக் காகிதத்தில் இருக்கிறதா?" என்று கமலக்கண்ணனைக் கேட்டார்.

"இருக்கிறது மேடம்."

"ஏன் படிக்கவில்லை?"

"எழுத்து சரியாகப் புரியவில்லை மேடம்."

ஞானசிங்கின் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் ஆனது. இந்திராணி வண்டிக்குப் போய், பேட்டரி இருந்த பக்கம் எஞ்சின் ஓரத்தில் அதே சாவியால் ஒரு கோடு கீறச் சொல்லி, இரண்டு கோட்டையும் பூதக்கண்ணாடியில் பார்த்தார். நாகையாவிடம் போனில் பேசினார். போட்டோவின் தேதியைக் குறித்துக்கொண்டார். வாக்குமூலத்தைக் கோப்பில் சேர்த்து, 'உரிமையாளர் இட்ட கீறல், எண் மாற்றப்படவில்லை' என்று தெலுங்கில் எழுதி, கையெழுத்துப் போட்டார்.

"இனிமேல் சந்தேகம் வந்தால் போட்டோ எடுங்கள்" என்றார்.

வண்டி தேறியது.

வெளியே வந்ததும் கமலக்கண்ணன் ரங்கனுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் போட்டான்.

"வாப்பா, திருப்பதில கொண்டாந்து உட்டுடறேன். நானே ரங்கன்கிட்ட சொல்றேன்" என்றார் ஞானசிங்.

"வேணாம் சார். போற வழியில ஏதாவது சத்தம் வந்துச்சுன்னா என்னையே பாப்பீங்க."

ஞானசிங் தரையைப் பார்த்தார்.

"போன்ல காட்டினது கோயம்புத்தூர்ல ஒருத்தருக்கு. ஒயரிங் பிடிபடல, கேட்டுக் கேட்டுப் பண்ணேன். இந்த எஞ்சின் மாத்தறது எனக்கு இதான் மொத தடவ. நெறைய பண்ணியிருக்கேன்னு சொன்னேனே, அது பொய். அது ஒண்ணுதான் சார் பொய்."

'அப்பவே நினைச்சேன்' என்ற சொல் ஞானசிங்கின் நாக்கு வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"அந்த நாலு வரியை ஏன் உட்டே?"

"நானே எப்படி சார் படிப்பேன், நான் திருடன்னு?"

ஞானசிங் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். கமலக்கண்ணன் பானெட்டைத் திறந்தான். குனிந்து எதையோ பார்த்தான். பையிலிருந்து சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்து எதையோ நான்கு சுற்றுச் சுற்றினான். ஞானசிங் ஓட்டுநர் சீட்டில் இருந்ததால் பானெட் மூடி மறைத்தது. மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"கேக்கு செய்யற அக்காகிட்ட சொல்லுங்க, ஏத்தத்துல செகண்டுக்குப் போவ வேணாம். தேர்டுலயே இழுக்கும்."

திருப்பதி பஸ் வந்தது. ஓடிப்போய் ஏறினான். திரும்பிப் பார்க்கவில்லை. படியில் நின்றபடியே மறுபடி போனைக் காதில் வைத்திருந்தான்.

ஞானசிங் வண்டியை எடுத்தார். எஞ்சின் சத்தம் சீராக இருந்தது. முன்பைவிடச் சீராக இருந்ததுபோலத் தோன்றியது. எதைச் சுற்றினான்? வீடு இரண்டு கிலோமீட்டர். இறங்கிப் பானெட்டைத் திறந்து பார்க்காமல் அதுவரை போய்விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

பாதி வழியில் ரயில்வே கேட் வரை முடிந்தது.